மேலது, மேலது, மேலது: அடிக்குறிப்பில் காணாமல் போனவர்கள்

போன மாசம் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் கைப்பிரதி என்னிடம் வந்தது. எழுதியவர் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம், மூன்று தலைமுறையாகத் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போன அருந்ததியர் குடும்பத்துப் பெண். "அண்ணே, ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க, போதும்" என்று சொல்லிக் கொடுத்தார். நானும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒற்றுப்பிழை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் இயலில் பேனா நின்றுவிட்டது. தோல் தொழில் செய்யும் மக்களின் வரலாறு என்பது அந்த இயலின் தலைப்பு. அதில் 74 அடிக்குறிப்புகள். 41 இடத்தில் இருந்தது ஒரே சொல்: மேலது.

மேலது என்றால் என்ன என்று ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நூலிலிருந்து ஒரு செய்தியை எடுத்தால் பக்கத்தின் அடியில் நூலாசிரியர், நூல், ஆண்டு, பக்கம் எல்லாம் போட வேண்டும். அடுத்த குறிப்பும் அதே நூலிலிருந்து என்றால் முழுவதையும் திரும்ப எழுதாமல் 'மேலது, ப. 40' என்று முடித்துக்கொள்ளலாம். லத்தீனில் இபிடெம். அதே இடத்தில் என்று பொருள். ஐரோப்பியர்கள் அதைச் சுருக்கி இபிட் என்று எழுதினார்கள். நாம் மேலது, மேற்படி, மே.நூ. என்று ஆக்கிக்கொண்டோம். எம்.ஏ. தமிழ் படிக்கையில் எனக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "இடம் மிச்சம்" என்றார் ஆசிரியர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோத்த காலத்தில் அது நியாயம்தான். இப்போது யாருக்கு என்ன மிச்சம்? 2017இல் வந்த சிகாகோ நடைக் கையேட்டின் 17ஆம் பதிப்பே இபிட் வேண்டாம், ஆசிரியர் பெயரையும் சுருக்கிய தலைப்பையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் மேலதுதான் ஆட்சி.

நம் ஆட்களுக்கு இந்தச் சொல் ஆய்வேட்டில்தான் முதலில் அறிமுகமாகிறது என்று நினைக்க வேண்டாம். பழைய கிரயப் பத்திரங்களிலும் கணக்கு ஏடுகளிலும் ௸ என்று ஒரு குறி இருக்கும். மேற்படி என்று படிக்க வேண்டும். ௸ கிராமம், ௸ நஞ்சை, ௸யார். காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையிலும் அதுதான்: மேற்படி வாதி, மேற்படி எதிரிகள், மேற்படி சம்பவம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநீதி நாளுக்கு மனு எழுதிக் கொடுக்க நானும் பல வருசமாய் உட்கார்கிறேன். மனு கொண்டுவருகிறவர்களுக்குச் சட்டம் தெரியாமலிருக்கலாம், மேற்படி தெரியும். ஒரு அம்மா என்னிடம் கேட்டது: "மேப்படி மேப்படின்னே எழுதுறீங்களே தம்பி, எம்பேரு எப்ப வரும்?" அன்றைக்குச் சிரித்துவிட்டேன். ஆய்வேட்டைப் படித்தபோது அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றது.

ஏனென்றால் அந்த இயலின் 41 மேலதுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். கிணற்றில் விழுந்த வாளியைக் கயிறு பிடித்து இழுக்கிற மாதிரி. பெரும்பாலானவை போய் முட்டிய இடம் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும். ஆங்கிலத்தில் 1909இல் ஏழு தொகுதியாக வந்தது. தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவர். ஆட்களை நிற்கவைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தவர். கூட இருந்து உழைத்தவர் கே. ரங்காச்சாரி. க. ரத்னம் தமிழாக்கத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இதை வெளியிட்டது. தங்கச்சி மேற்கோள் காட்டியது இந்தத் தமிழாக்கத்தை. ஆகவே முதல் குறிப்பில் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்ற பெயர் கம்பீரமாக இருக்கிறது. 1909 என்பது எங்குமே இல்லை. படிக்கிறவனுக்கு என்ன தோன்றும்? தமிழ்ப் பல்கலைக்கழகமே ஆராய்ந்து கண்டுபிடித்த செய்தி போல என்றுதான் தோன்றும்.

சரி, தர்ஸ்டனுக்கு எங்கிருந்து கிடைத்தது? அருந்ததியரைப் பற்றிய பதிவை (அவர் போட்ட தலைப்பு இன்று வசவாகிவிட்ட அந்தப் பழைய பெயர்) அவர் தொடங்குவதே எச்.ஏ. ஸ்டூவர்ட் எழுதியதைச் சொல்லித்தான். ஸ்டூவர்ட் 1891 சென்சஸை இந்த மாகாணத்தில் நடத்திய அதிகாரி. இந்த மக்கள் தெலுங்கு அல்லது கன்னட நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களாகத் தோன்றுகிறார்கள். ஏனென்றால் பழைய தமிழ்க் கல்வெட்டிலும் பழைய தமிழ் இலக்கியத்திலும் இவர்களைப் பற்றிப் பேச்சு இல்லை. தவிரவும் இவர்களில் மிகப் பலர் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம். தோன்றுகிறது என்ற அளவில் ஒரு ஊகம். ஊகம் செய்வது அவர் உரிமை. ஆனால் அந்த ஊகம் மேலது ஏறி நடந்த நடை இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். தங்கச்சியின் இயலில் அது முதல் தடவை வரும்போது 'குடியேறியவர்களாகக் கருதப்படுகின்றனர்'. அடுத்த பக்கத்தில் 'குடியேறிய இம்மக்கள்'. இயலின் முடிவுரையில் 'வடக்கிலிருந்து வந்த இவ்வினத்தார்'. மூன்று இடத்திலும் அடியில் மேலது. ஒருத்தர் ஒரு தடவை சந்தேகத்தோடு சொன்னது, மூன்று தடவை எண் போட்டதும் வரலாறு ஆகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த இயலில் மதுரை மாவட்டச் செய்திகளுக்கு (1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில்தானே இருந்தது) மூன்று ஆதாரங்கள் வரிசையாக நிற்கின்றன: 1901 சென்சஸ் அறிக்கை, 1906ஆம் ஆண்டு மதுரை கெஜட்டியர், 1909ஆம் ஆண்டுத் தர்ஸ்டன். மூன்று சாட்சி! கோர்ட்டில் இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 1901 சென்சஸை நடத்தியவர் டபிள்யூ. ஃபிரான்சிஸ். மதுரை கெஜட்டியரை எழுதியவரும் அதே ஃபிரான்சிஸ். தர்ஸ்டன் இந்தச் சென்சஸ்களையும் கெஜட்டியர்களையும் மேனுவல்களையும் எடுத்து எடுத்துக் கோத்தவர். ஆக, வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள்; உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே வீட்டு ஆள் மூன்று சட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறான். இதைத் தங்கச்சியின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சாதி பற்றிய தமிழ் ஆய்வேடுகளில் பத்தை எடுத்தால் எட்டில் இதே கோவையைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆய்வேட்டிலிருந்து அடுத்த ஆய்வேடு அடிக்குறிப்போடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. மூலத்தைத் திறந்து பார்ப்பவர் இல்லை.

திறந்து பார்த்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். பழைய தமிழ் இலக்கியத்தில் இல்லை என்று ஸ்டூவர்ட் எழுதியது 1891 சென்சஸுக்காக. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தது 1894இல். அதாவது, பழைய இலக்கியத்தில் இல்லை என்று சொன்ன ஆளுக்குப் பழைய இலக்கியத்தில் தலையாய ஒரு நூல் அச்சில் கிடைக்கவே இல்லை. அந்த நூலில் 82ஆம் பாட்டு சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனை அவசரத்துக்கு நடுவில் ஒருத்தன் வாரைக் கோத்துக் கட்டில் பின்னுகிறான். அவன் கை ஊசி போகிற வேகத்தை அரசனுடைய போரின் வேகத்துக்கு ஒப்புச் சொல்கிறது பாட்டு. அவனை இழிசினன் என்று அழைக்கவும் செய்கிறது. உவமைக்கு அவன் கை வேண்டும், கூப்பிட இழிபெயர். அன்றைக்கே கணக்குச் சரியாக இருந்திருக்கிறது.

அவன்தான் இன்றைய அருந்ததியருக்கு முப்பாட்டன் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஸ்டூவர்ட் செய்த தவறைத்தான் நானும் திருப்பிச் செய்கிறேன். வாரும் ஊசியும் கையுமாக ஒரு ஆள் அந்தப் பாட்டில் இருக்கிறான், அவன் இருப்பது 1894க்குப் பிறகு அச்சில் யாரும் பார்க்கக்கூடியதாக இருந்தது, 1909இல் தர்ஸ்டன் பழைய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டார், நூறு வருசம் கழித்தும் நாம் மேலது போட்டுக்கொண்டிருக்கிறோம். இவ்வளவுதான் நான் சொல்வது. கல்வெட்டில் இல்லை என்ற வாதத்துக்கும் இதே கதி. கோயில் நிலத்தையும் பிராமணனுக்குக் கொடுத்த தானத்தையும் எழுதிவைத்த கல்லில் செருப்புத் தைப்பவன் ஏன் இல்லை என்று கேட்பது, கல்யாணப் பத்திரிகையில் பந்தல் போட்டவன் பெயர் இல்லை, ஆகவே அவன் வெளியூர் என்பதைப் போல இருக்கிறது.

இது ஏதோ படிப்பாளிகளின் சண்டை, நமக்கென்ன என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு உள் இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பட்டியல் சாதியாரின் 18 விழுக்காட்டுக்குள் மூன்று. சட்டம் அருந்ததியர் என்று எண்ணுவது ஏழு பெயர்களை: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லியது. இந்த இடைப்பட்ட வருசங்களில் மேடையில், டீக்கடையில், துண்டறிக்கையில் எத்தனை தடவை அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டோம்: வந்தேறி. யார் சொன்னது? சாதி இந்துக்கள் மட்டுமா? நான் பறையர் தெருவில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் வாயிலேயே கேட்டிருக்கிறேன். வாடிப்பட்டி ரோட்டில் ஒரு டீக்கடையில், அம்பேத்கர் படம் போட்ட சட்டைப் பையோடு இருந்த ஒருத்தர் என்னிடம் சொன்னார்: "நாஞ் சொல்லலப்பா. புத்தகத்துலயே போட்ருக்கு." எந்தப் புத்தகம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். 1891இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி தோன்றுகிறது என்று எழுதியது, மேலது மேலது என்று படியேறி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

இனி அந்த இயலில் இல்லாதது. தங்கச்சிக்கு அவ்வா உண்டு. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற கிழவி. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்த கை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வெந்த கால். பேத்தி ஒரு குயர் நோட்டில் அவ்வா பேசியதை எல்லாம் எழுதிவைத்திருக்கிறார். கேட்டு வாங்கிப் படித்தேன். ஒரு இடத்தில் கிழவி சொல்கிறது: "எங்க ஆளுகள ஏழு தலமொறையா இந்த ஓடக்கரையிலதான் பொதச்சுருக்கு. எவன் வந்தவன், எவன் இருந்தவன்னு அந்த மண்ணத் தோண்டிக் கேளு." எப்பேர்ப்பட்ட வாக்குமூலம்! ஆய்வேட்டில் இது எப்படி வந்திருக்கிறது தெரியுமா? 'இப்பகுதி மக்களிடையே தாங்கள் இவ்வூரின் பூர்வகுடிகள் என்ற நம்பிக்கை நிலவுகிறது.' அடிக்குறிப்பு இல்லை. ஸ்டூவர்ட்டின் ஊகத்துக்கு எண் உண்டு, அவ்வாவின் இடுகாட்டுக்கு எண் இல்லை. ஊகம் வரலாறு, இடுகாடு நம்பிக்கை.

"ஏம்மா, அவ்வா பேரப் போடல?" என்றேன். "பின்னிணைப்புல தகவலாளி பட்டியல்ல இருக்குண்ணே" என்றார். பார்த்தேன். இருந்தது. வரிசை எண், பெயர், வயது, சாதி, தொழில். இருபத்தேழு பேரில் ஒருவராக. எந்தச் செய்தியை எந்தத் தகவலாளி சொன்னார் என்று இயலுக்குள் எங்கும் இல்லை. அது நம் நாட்டார் வழக்காற்று ஆய்வுகளின் பொது வழக்கம். நூலாசிரியனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் மரியாதை, பேசிய ஆளுக்குக் கடைசியில் ஒரு ரேஷன் வரிசை. நூல் திரும்பத் திரும்ப வந்தால் மேலது என்றாவது ஒரு நினைவூட்டல் உண்டு. பேசியவர் திரும்பத் திரும்ப வந்தால் 'மக்கள்' ஆகிவிடுகிறார்.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. சில வருசம் முந்தி ஒரு சிறு வெளியீட்டுக்கு வன்கொடுமைச் சாட்சியங்களைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஒரு அம்மாவிடம் மூன்று நாள் இருந்து கேட்டு எழுதினேன். 11ஆம் குறிப்பில் அந்த அம்மாவின் நேர்காணல், தேதி, இடம் எல்லாம் முறையாகப் போட்டேன். 12, 13, 14 மூன்றும் மேலது. அச்சுக்குப் போகிற அன்று ராத்திரி முதல் தகவல் அறிக்கையின் நகல் கிடைத்தது. அதையும் சேர்ப்போமே என்று 11க்கும் 12க்கும் நடுவில் ஒரு குறிப்பைச் செருகினேன். கம்ப்யூட்டர் எண்களைத் தானாக மாற்றிக்கொண்டது. மேலது மேலதாகவே இருந்தது. விளைவு? தன்னை இழுத்துப் போட்டு அடித்ததைப் பற்றி அந்த அம்மா சொன்ன மூன்று செய்திகளும் போலீஸ் அறிக்கை சொன்னதாக அச்சாகிவிட்டது. அந்த அறிக்கையோ அப்படி எதுவும் நடக்கவில்லை, வாய்த்தகராறுதான் என்று எழுதியிருந்தது.

புத்தகம் போன ஒரு வாரத்தில் அவர் மகன் போன் பண்ணினான். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த பையன். "அண்ணே, எங்கம்மா சொன்னத போலீசு சொன்னதா போட்ருக்கீங்களே. நாளைக்கு வக்கீலு இதக் காட்டிக் கேட்டா நாங்க என்னண்ணே சொல்றது?" திருத்தச் சீட்டு அடித்து ஒட்டினோம். ஒட்டாமல் போன பிரதிகள் எத்தனை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவை அதற்குப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தார். அது திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றையிலிருந்து மேலது எழுதுவதில்லை. பெயரை எழுதுகிறேன். முதல் தடவை முழு விவரம். அடுத்த தடவையிலிருந்து ஆசிரியர் பெயர், தலைப்பில் ஒரு சொல், பக்கம்: தர்ஸ்டன், குலங்களும், ப. இத்தனை. நடுவில் எந்தக் குறிப்பைச் செருகினாலும், எடுத்தாலும் ஒன்றும் இடம் மாறாது. இது சௌகரியம். ஆனால் இதற்காக மட்டும் சொல்லவில்லை. தர்ஸ்டன், தர்ஸ்டன், தர்ஸ்டன் என்று 41 தடவை தன் கையாலேயே எழுதும்போது எழுதுகிறவருக்கே கூச்சம் வரும். ஐயய்யோ, இந்த இயல் முழுக்க ஒரே ஆளின் தோளில்தானே நிற்கிறது என்று தெரியும். மேலது அந்தக் கூச்சத்தை மூடிவைக்கிறது. அதேபோல, ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் இருவரையும் எழுத வேண்டும்: ஸ்டூவர்ட், 1891, எடுத்தாண்டவர் தர்ஸ்டன், 1909, தமிழாக்கம் ரத்னம். நீளம்தான். வம்சாவளி நீளமாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்து எழுத்துக்கும் இதே சோதனை வைக்க வேண்டும். பஞ்சமி நிலம் பற்றி எழுதாத தலித் பத்திரிகை இல்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை, 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை எண் 1010, இவை நமக்கு மனப்பாடம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்துக்காகத் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரைக் கொடுத்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் பெயரும் மனப்பாடம். அதோடு ஒரு எண்ணும் மனப்பாடம்: 12 லட்சம் ஏக்கர். இதற்கு நம் கட்டுரைகள் காட்டும் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் போனபோது, ஒரு துண்டுப்பிரசுரம் இன்னொரு துண்டுப்பிரசுரத்தைக் காட்டியது, அது ஒரு மாநாட்டு மலரைக் காட்டியது, மலர் மறுபடி துண்டுப்பிரசுரத்தையே காட்டியது. எண் பொய் என்று நான் சொல்லவில்லை. நம் எதிரியின் மேலதைக் கட்டுடைக்கிற நாம் நம் மேலதைக் கும்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்கிறேன். தாசில்தாரின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவர் 12 லட்சத்தைக் கேட்பதில்லை. எந்த ஊர், எந்த சர்வே எண், அ-பதிவேட்டில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். நிலக்கோட்டை வட்டத்தில் ஒரு மனுவுக்காக மூன்று ஏக்கர் சொச்சத்தின் பதிவேட்டு நகலை எடுக்க எங்களுக்கு எட்டு மாசம் பிடித்தது. அந்த ஒற்றைத் தாள் ஆபீசில் செய்த வேலையை 12 லட்சம் செய்யவில்லை.

அம்பேத்கரை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 1946இல் வந்த சூத்திரர்கள் யார், 1948இல் வந்த தீண்டப்படாதவர்கள், இரண்டிலும் வேதமோ ஸ்மிருதியோ எடுத்துக்காட்டினால் எந்த மண்டலம், எந்த அத்தியாயம், எந்தச் சுலோகம் என்று வரும். எதிரி நாளைக்கே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கட்டும் என்கிற துணிச்சல் அது. நாமோ அம்பேத்கரையே 'அம்பேத்கர் நூல்தொகுப்பு, தொகுதி 7' என்று மொட்டையாகப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஏழாம் தொகுதி என்பது மேலே சொன்ன இரண்டு நூலும் சேர்ந்தது. தமிழ்த் தொகுதிகளின் வரிசை எண் வேறு. பிறகு கீழே பத்து மேலது. படிக்கிற பிள்ளை எந்த ஏழைத் தேடுவது? நூலின் பெயரையும் ஆண்டையும் எழுதினால் கை ஒடிந்துவிடாது.

அயோத்திதாசர் விஷயம் இதைவிட நுட்பமானது. 1907 ஜூனில் ஒரு பைசாத் தமிழன் என்று தொடங்கி, அடுத்த வருசம் தமிழன் என்றாகி, 1914 மே மாதம் அவர் சாகும் வரை வாராவாரம் எழுதியவர். அந்த இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பொக்கிஷமாகக் காத்து வைத்திருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தது. தொகுப்பில் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் இதழ் எண்ணும் தேதியும் இருக்கின்றன. நம் ஆய்வாளர்கள் அதை விட்டுவிட்டு, '1999, ப. இத்தனை', அதற்கடுத்து மேலது என்று போகிறார்கள். ஏழு வருசம் எழுதிய ஒரு மனிதர், 1908இல் ஒன்று சொல்லி 1912இல் அதை மாற்றிச் சொல்லக்கூடிய மனிதர், 1999 என்ற ஒரே வருசத்தில் அடைபட்டுவிடுகிறார். அதிலும் ஒரு விபரீதம்: 1909 தர்ஸ்டனையும் அயோத்திதாசரையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்கு, தர்ஸ்டன் பழைய ஆதாரம், அயோத்திதாசர் புதுசு என்று தோன்றிவிடும். தர்ஸ்டனின் ஏழு தொகுதி வந்த அதே 1909இல் ராயப்பேட்டையில் தமிழன் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. தேதியைப் போட்டால்தான் இருவரும் ஒரே காலத்தில் எதிரெதிரே நின்றது தெரியும்.

வாய்மொழிச் சாட்சியத்துக்கு வருகிறேன். தகவலாளி என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை, ஏதோ உளவு சொல்ல வந்த ஆள் மாதிரி. அது கிடக்கட்டும். நூலுக்கு என்ன மரியாதையோ அது பேச்சுக்கும் வேண்டும். யார், எங்கே, எந்தத் தேதியில், எந்த மொழியில் சொன்னார் என்று முதல் தடவை எழுதி, பிறகு ஒவ்வொரு தடவையும் பெயரோடு எழுத வேண்டும். எல்லாருடைய பெயரையும் அச்சில் போட முடியுமா என்று தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வழக்கு நடக்கிற ஊரில் பெயரைப் போடுவது ஆளைக் காட்டிக்கொடுப்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தால் சேர்ந்த 15ஏ பிரிவே சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றத்துக்கு வழி வைத்திருக்கிறது. நாம் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் பெயரை மறைப்பது வேறு, ஆளை அழிப்பது வேறு. அவரிடமே கேட்டு ஒரு மாற்றுப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர் முதல் குறிப்பிலிருந்து கடைசிக் குறிப்பு வரை மாறாமல் வந்தால், ஒரே பெண்தான் ஏழு இடத்தில் பேசுகிறார் என்று வாசகருக்குத் தெரியும். 'ஒரு பெண்', 'மற்றொரு பெண்', 'அப்பகுதியினர்' என்று எழுதினால் அந்த ஒருத்தி ஏழாகவும் படலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். தர்ஸ்டன் விஷயத்தில் எதைக் குற்றம் சொன்னேனோ அதே குற்றம்.

தங்கச்சியோடு உட்கார்ந்து அந்த இயலை மறுபடி எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மேலதுகள் போய்ப் பெயர்கள் வந்தன. எழுதி முடித்துப் பார்த்தபோது, தர்ஸ்டன் பெயர் வரிசையாக வந்த இரண்டு பக்கத்தை அவரே கிழித்துப் போட்டார். "இது பூராம் ஒரே ஆளுதாண்ணே" என்றார். ஸ்டூவர்ட்டின் ஊகம் ஊகமாகவே, தேதியோடு ஒரே ஒரு இடத்தில் நிற்கிறது. அடுத்த பத்தியில் புறநானூறு 82. அதற்கடுத்து அவ்வா. அவ்வா பெயரைப் போடலாமா என்று வீட்டில் கேட்டதற்கு, "எனக்கென்னடி பயம், நல்லாப் பெருசாப் போடு" என்றதாம். பெருசாகப் போட விதிமுறையில் இடமில்லை. அடிக்குறிப்புக்கு எழுத்தின் அளவு பத்து. ஆனால் ஒன்பது குறிப்பில் வருகிறது.

நெறியாளர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அடிக்குறிப்புகளால் இயல் ஆறு பக்கம் கூடிவிட்டது, பல்கலைக்கழக வழிகாட்டியில் மேலது என்றே போட்டிருக்கிறது, கிழவி சொன்னதையெல்லாம் ஆதாரம் என்று எப்படி எடுப்பது என்று கேட்பார்கள் என்கிறார் தங்கச்சி. கேட்கட்டும். கேட்கப்போகிற அந்தத் தேர்வின் பெயரே வாய்மொழித் தேர்வு. அடுத்த மாசம் நடக்கிறது. அவ்வாவும் கூட வரும் என்று பிடிவாதம் பிடிக்கிறதாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு வந்து நில்லுங்கண்ணே, பிரதிகளைத் தூக்க ஒரு ஆள் வேணும் என்று சொல்லியிருக்கிறார்கள். போக வேண்டும்.